செங்கல்பட்டின் 576

இந்தியாவின் ஐந்தாவது குடியரசுத் தலைவர் தேர்தலுக்கான வாக்குப்பதிவு 1969 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது. 20ஆம் தேதி எண்ணி முடித்தபோது வி.வி. கிரிக்கு 4,20,077, நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 4,05,427. இடைவெளி 14,650. இதுவரை நடந்த குடியரசுத் தலைவர் தேர்தல்களில் இவ்வளவு நெருக்கமாக முடிந்தது வேறொன்றுமில்லை. முதல் விருப்ப வாக்குகளால் முடிவு தெரியாமல், இரண்டாம் விருப்பங்களைப் பிரித்து எண்ண நேர்ந்ததும் அந்த ஒரு முறைதான்.

அந்தத் தேர்தலில் செங்கல்பட்டு நாடாளுமன்றத் தொகுதிக்கென்று ஒரு வாக்கு இருந்தது. அதன் மதிப்பு 576. அதை அளிக்கும் உரிமை பெற்றவர் திமுகவின் சி. சிட்டிபாபு, சென்னை மேயராகவும் இருந்தவர். செங்கல்பட்டு மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 144 மதிப்புள்ள வாக்கு இருந்தது. பரங்கிமலை அன்று இந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதால், அந்தத் தொகுதியின் உறுப்பினரான எம்.ஜி.ஆரும் அவர்களில் ஒருவர்.

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நெருங்கும்போது, எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாத நான்கைந்து மாநிலங்களை உலகமே உற்றுப் பார்க்கும். 2000ஆம் ஆண்டில் புளோரிடா அப்படி இருந்தது. அங்கே 537 வாக்குகள் கூடுதலாகப் பெற்ற ஜார்ஜ் புஷ், அந்த மாநிலத்தின் 25 தேர்வாளர் வாக்குகளையும் எடுத்துக்கொண்டு 271க்கு 266 என்ற கணக்கில் அதிபரானார். ஆனால் புளோரிடாவின் வாக்காளருக்குத் தாம் யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது தெரிந்திருந்தது. செங்கல்பட்டு வாக்காளருக்கு அது தெரியாது. அவர் 1967 பிப்ரவரியில் அளித்த வாக்கு இரண்டரை ஆண்டுகள் கழித்து, அவர் கேள்விப்பட்டிராத ஒரு போட்டியில், டெல்லியில் ஒருவரை உயர்த்தி இன்னொருவரைத் தாழ்த்தியது. 1969இல் இந்தியாவின் ஊசலாட்ட மாநிலம் தமிழ்நாடுதான் என்பது என் முடிவு. அதை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது டெல்லியின் சண்டையைவிடத் தமிழ்நாட்டின் சொந்தச் சண்டை.

1967க்குப் போவோம். மழை பொய்த்த இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த தேர்தல் அது. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் மழை பொய்த்தால் நெல்லும் பொய்க்கும். மதுராந்தகத்து உழவருக்கும், கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் கட்டுமரம் தள்ளியவர்களுக்கும் அரிசி விலைதான் அன்றைய அரசியல். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற திமுகவின் வாக்குறுதி அந்த வயிறுகளை நோக்கிச் சொல்லப்பட்டது. 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் துப்பாக்கிச் சூடுகளும் மனத்தை விட்டு நீங்கவில்லை. ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதாவால் சுடப்பட்ட எம்.ஜி.ஆர்., கழுத்தில் கட்டுடன் இருந்த படம் சுவரொட்டியாக ஊர் ஊராகப் போயிற்று. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே அவர் பரங்கிமலையில் வென்றார். அண்ணாவின் சொந்த ஊரான காஞ்சிபுரமும் இதே மாவட்டத்தில்தான் இருந்தது. 1952இலும் 1962இலும் காங்கிரசின் ஓ.வி. அளகேசன் வென்ற செங்கல்பட்டு நாடாளுமன்றத் தொகுதி இம்முறை திமுகவிடம் போயிற்று. மாநிலம் முழுவதும் திமுக 137 சட்டமன்ற இடங்களையும் 25 மக்களவை இடங்களையும் பெற்றது.

அந்த வாக்குச் சாவடிகளில் எவரும் குடியரசுத் தலைவரைப் பற்றி யோசித்திருக்க வாய்ப்பில்லை. அன்று அந்தப் பதவியில் இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி, 1960இல் எல்லை மாற்றத்தின்போது சித்தூரிலிருந்து பிரிந்து செங்கல்பட்டு மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. தம் மாவட்டத்துக்காரர் ஒருவர் நாட்டின் தலைவராக இருக்கிறார் என்ற பெருமை இருந்திருக்கலாம். அந்தப் பதவியின் மேல் தமக்கும் ஒரு பிடி இருக்கிறது என்ற எண்ணம் இருந்திராது. நமது தேர்தல் முறை அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

இந்த முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மாநில மக்கள்தொகையைச் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பது ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு. 1961 கணக்கெடுப்பில் சென்னை மாநில மக்கள்தொகை 3,36,86,953. உறுப்பினர்கள் 234 பேர். ஆக 144. நாட்டின் எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களுடைய மதிப்பையும் கூட்டி, அதை நாடாளுமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைத்தது 576. மாநிலங்கள் பாதி, நாடாளுமன்றம் பாதி என்று எடை சமமாக நிற்கும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் வென்றவருக்கே எல்லாம் போகும். இங்கே ஒரே மாநிலத்தின் வாக்குகள் பல பக்கம் பிரியலாம். வாக்கு இரகசியமானது. கொறடா உத்தரவும் இந்தத் தேர்தலைக் கட்டுப்படுத்தாது. எனவே இந்தியாவில் ஒரு மாநிலம் மொத்தமாகச் சாய வேண்டுமானால், அங்கே கட்டுக்கோப்பான ஒரு கட்சி பெரும்பான்மையோடு இருக்க வேண்டும். 1969இன் தமிழ்நாட்டில் அது இருந்தது.

டெல்லியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைத் தலைவர் கிரி தற்காலிகப் பொறுப்பேற்றார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரசின் மூத்த தலைவர்கள், பத்திரிகைகள் சிண்டிகேட் என்றழைத்த நிஜலிங்கப்பா, காமராசர், எஸ்.கே. பாட்டீல் முதலானோர், இந்திரா காந்தியின் விருப்பத்தை மீறி மக்களவைத் தலைவர் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கினர். இந்திரா, மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித் துறையைப் பறித்தார். ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவற்றில் அடங்கும். அந்த அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்ட கிரி, மறுநாள் பதவி விலகிச் சுயேச்சையாகப் போட்டியில் இறங்கினார். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் சி.டி. தேஷ்முக்கை நிறுத்தின. அந்தக் கட்சிகளின் இரண்டாம் விருப்பத்தை ரெட்டிக்குப் பெற நிஜலிங்கப்பா பேச்சு நடத்தினார். அதைக் காரணம் காட்டி, மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று இந்திரா அறிவித்தார்.

கிரியும் ரெட்டியும் பழைய சென்னை மாகாணத்தில் பிறந்தவர்கள். கிரி பெர்காம்பூரில், ரெட்டி அனந்தப்பூர் மாவட்டத்தில். கிரி இரயில்வே தொழிலாளர் சங்கத் தலைவர். 1937இல் ராஜாஜியின் சென்னை அமைச்சரவையில் தொழில், தொழிலாளர் துறைகளைப் பார்த்தவர். அதே ராஜாஜியின் சுதந்திராக் கட்சி இப்போது தேஷ்முக்கின் பக்கம். இந்த உறவுகளின் பின்னல்தான் தமிழ்நாட்டின் நிலையை முடிவு செய்தது என்று நினைக்கிறேன்.

அன்று திமுக எங்கே நின்றது? 1967இல் அது ராஜாஜியோடு கூட்டணி வைத்து வென்றது. சுதந்திராக் கட்சிக்குச் சென்னைச் சட்டமன்றத்தில் 20 இடங்கள் கிடைத்தன. அந்தப் பழைய வழியில் போயிருந்தால் தேஷ்முக்குக்கு முதல் விருப்பமும் ரெட்டிக்கு இரண்டாம் விருப்பமும் அளித்திருக்கும். இன்னொரு பக்கம், 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார். ஒரு வாரத்தில் கலைஞர் கருணாநிதி முதலமைச்சரானார். அதற்கு முந்தைய மாதம்தான் காமராசர் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குப் போயிருந்தார். விருதுநகரில் தோற்றவர் இரண்டே ஆண்டில் எழுந்து நின்றதைக் கட்சி கவனித்திருக்கும். நிறுவனத் தலைவரை இழந்த கட்சிக்கு, மாநிலத்தில் மீண்டெழும் காங்கிரசைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. ரெட்டி வென்றால் டெல்லியில் வெல்வது காமராசர் அணி. கிரி வென்றால் காங்கிரஸ் உடையும். திமுக கிரியை ஆதரிக்க முடிவெடுத்தது. வங்கி தேசியமயத்தை அந்தக் கட்சி உண்மையாகவே வரவேற்றது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காமராசர் எதிரணியில் இல்லாதிருந்தால் இதே ஊக்கம் இருந்திருக்குமா என்பது ஐயமே.

இனி எண்கள். செல்லும் வாக்குகள் 8,36,337. வெற்றிக்கான வரம்பு 4,18,169. களத்தில் 15 வேட்பாளர்கள். முதல் விருப்பத்தில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து 8,505. கிரி முன்னணியில் இருந்தாலும் வரம்புக்கு 16,654 குறைந்தது. பின்தங்கியவர்களை ஒவ்வொருவராக நீக்கி, கடைசியில் தேஷ்முக்கின் வாக்குகளையும் பிரித்தபோது ரெட்டிக்கு 91,879 கூடியது. கிரிக்கு 18,562 மட்டுமே. ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று. கிட்டத்தட்ட 88,000 வாக்கு முன்னிலை கண்ணெதிரே கரைந்து 14,650இல் வந்து நின்றது. அடுத்த விருப்பம் குறிக்கப்படாமல் ஒதுங்கிய வாக்குகளின் மதிப்பு 10,833.

தமிழ்நாட்டை இந்தக் கணக்கில் பொருத்திப் பார்க்கலாம். 25 மக்களவை உறுப்பினர்கள் என்றால் 14,400. 1967இல் வென்ற 137 சட்டமன்ற உறுப்பினர்கள் என்றால் 19,728. மாநிலங்களவையை விட்டுவிட்டாலும் திமுகவின் கையில் 34,128 இருந்தது. வெற்றி இடைவெளியைப் போல் இரு மடங்குக்கும் மேல். அவை அத்தனையும் கட்சி முடிவின்படி கிரிக்கு விழுந்தன என்று கொண்டால், திமுக எதிரணிக்குப் போக வேண்டிய தேவைகூட இல்லை. வாக்களிக்காமல் வீட்டில் இருந்திருந்தாலே கிரி 3,85,949க்கு இறங்கித் தோற்றிருப்பார். பக்கம் மாறுவதானால் 13 நாடாளுமன்ற உறுப்பினர்கள் போதும். செங்கல்பட்டின் 576ஐப் போல் இன்னும் 12.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். நெருக்கமான தேர்தலில், வென்றவரை ஆதரித்த ஒவ்வொரு கூட்டமும் ‘எங்களால்தான் வெற்றி’ என்று சொல்லிக்கொள்ள முடியுமே? முடியும். கம்யூனிஸ்டுகள் சொல்லலாம், அகாலிகள் சொல்லலாம், மனசாட்சியைக் கேட்டு ரெட்டியைக் கைவிட்ட காங்கிரஸ் உறுப்பினர்களும் சொல்லலாம். எண்ணிக்கையை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. வேறு பக்கம் போயிருக்கக்கூடியவர் யார் என்று கேட்டால்தான் தெளிவு கிடைக்கும். ஜனசங்கத்தின் இரண்டாம் விருப்பத்தை நாடிய வேட்பாளருக்குக் கம்யூனிஸ்டுகள் வாக்களித்திருக்க மாட்டார்கள். இந்திராவோடு நின்ற காங்கிரசாருக்குத் தங்கள் தலைவியின் பதவியே அந்தத் தேர்தலில் தொங்கிக்கொண்டிருந்தது. திமுகவுக்குத்தான் இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கதவின் வழியாக அது வந்தே இருந்தது. இவ்வளவு பெரிய தொகுதியாகவும், இவ்வளவு சுதந்திரமாகவும் இருந்த கட்சி அன்று வேறில்லை என்பதால்தான் தமிழ்நாட்டை ஊசலாட்ட மாநிலம் என்கிறேன்.

வாக்குப்பதிவுக்கு முன் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் ரெட்டியை இழிவுபடுத்தும் துண்டறிக்கை சுற்றியது குறித்த வழக்கு, தேர்தல் முடிந்ததும் உச்ச நீதிமன்றம் போனது. பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவரே நேரில் வந்து சாட்சியம் அளித்தார். 1970இல் மனுக்கள் தள்ளுபடியாயின.

தமிழ்நாட்டுக்கு என்ன கிடைத்தது? 1969 நவம்பரில் காங்கிரஸ் பிளந்து இந்திரா பெரும்பான்மை இழந்தபோது திமுகவின் 25 பேரும் அவரது ஆட்சிக்கு முட்டுக் கொடுத்தார்கள். 1971 தேர்தலில் இந்திரா காங்கிரஸ் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் ஓர் இடத்தில்கூடப் போட்டியிடாமல் ஒதுங்கியது. திமுக 184 இடங்களை வென்றது. எதிரே, வாழ்நாள் முழுவதும் எதிரெதிரே நின்ற ராஜாஜியும் காமராசரும் ஓரணியில். குடியரசுத் தலைவர் தேர்தலில் திமுக எடுத்த முடிவு, தமிழ்நாட்டின் கட்சி வரைபடத்தையே இரண்டு ஆண்டில் மாற்றி எழுதியது. காமராசரின் காங்கிரஸ் அதன்பின் மாநிலத்தில் ஆட்சியைப் பிடிக்கவே இல்லை. கட்சிக்குக் கிடைத்த ஆதாயம் இது, சிறியதல்ல.

மாநிலத்துக்கு? தேர்தல் முடிந்து ஒரு மாதத்தில், 1969 செப்டம்பர் 22 அன்று, மத்திய மாநில உறவுகளை ஆராய இராஜமன்னார் குழுவைக் கருணாநிதி அரசு அமைத்தது. டெல்லி தன் தயவில் இருக்கும் வேளையில் மாநில உரிமையைக் கேட்பது சரியான கணக்குதான். 1971இல் வந்த அறிக்கை, மாநில அரசுகளைக் கலைக்க உதவும் 356ஆம் பிரிவையே நீக்கச் சொன்னது. டெல்லி அதை ஏற்கவில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976 ஜனவரி 31 அன்று, அதே 356ஆம் பிரிவின்கீழ் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. கையெழுத்திட்டவர் கிரிக்குப் பின் வந்த பக்ருதீன் அலி அகமது.

அடுத்த சில நாள்களில் மிசாவில் கைதாகிச் சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டவர்களில் சிட்டிபாபுவும் இருந்தார். 1971இலும் செங்கல்பட்டு மக்கள் அவரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சிறையில் கைதிகள் கடுமையாகத் தாக்கப்பட்டார்கள். இளைஞராக இருந்த மு.க. ஸ்டாலின் மீது விழுந்த அடிகளைச் சிட்டிபாபு குறுக்கே நின்று வாங்கிக்கொண்டார் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். 1977 ஜனவரியில் சிட்டிபாபு இறந்தார். சிறைக் கொடுமைகளை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னர் விசாரித்துப் பதிவு செய்தது. 1969இல் அவருடைய கட்சி யாருடைய அதிகாரத்தைக் காத்ததோ, அந்த அதிகாரத்தின் சிறையில் அவர் அடிபட்டார். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஊசலாட்ட மாநிலம் என்ற நிலைக்கு ஒரு கணத்தில் இருக்கும் வலிமை, அடுத்த தேர்தலில் எண்ணிக்கை மாறியதும் போய்விடுகிறது. 1971இல் இந்திராவுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்த அன்றே தமிழ்நாட்டின் 25 தன் கனத்தை இழந்துவிட்டது. கனம் இருந்தபோது கேட்டு எழுதி வாங்காதது பிறகு கிடைக்கவில்லை.

நெருக்கடி நிலைக் காலம் இன்னொன்றையும் விட்டுச் சென்றது. 1976இன் 42ஆவது திருத்தம், குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்கு மதிப்பைக் கணக்கிட 1971 மக்கள்தொகையையே பயன்படுத்த வேண்டும் என்று நிறுத்தி வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை முறையாகச் செய்யும் மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பது அதன் நியாயம். 2001இன் 84ஆவது திருத்தம் அதை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் தொகை வெளியாகும்வரை நீட்டித்தது. தமிழ்நாட்டின் இன்றைய எடையைக் காத்து நிற்பது சிட்டிபாபுவைச் சிறையில் வைத்திருந்த ஆண்டில் நிறைவேறிய திருத்தம்தான். வரலாறு நமக்குப் பிடித்தமான வரிசையில் நன்மையையும் தீமையையும் பிரித்துத் தருவதில்லை.

1969இல் சட்டமன்றங்களின் பங்கான 4,30,847இல் தமிழ்நாட்டின் பங்கு 33,696, அதாவது 7.8 விழுக்காடு. 2022இல், ஓர் உறுப்பினருக்கு 176 என்ற மதிப்பில் 41,184, பங்கு 7.6 விழுக்காடு. அரை நூற்றாண்டில் பெரிய மாற்றமில்லை. இதையே 2011 மக்கள்தொகையை வைத்துப் போட்டுப் பார்த்தால் தமிழ்நாட்டு உறுப்பினர் மதிப்பு 308 ஆகும், உத்தரப் பிரதேச உறுப்பினர் மதிப்பு 496 ஆகும். பங்கு 6 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். 1969இல் ஓர் உத்தரப் பிரதேச உறுப்பினருக்கு 174, நமக்கு 144. இப்போது 208க்கு 176. இந்த நெருக்கம் குலையும்.

மாநிலத்துக்குள்ளும் ஓர் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. அதன் உச்சம் செங்கல்பட்டுக் கடற்கரையிலேயே நிற்கிறது. பழைய மாமல்லபுரம் சாலை தகவல் தொழில்நுட்பச் சாலையான பிறகு மக்கள் வந்து குவிந்த சோழிங்கநல்லூர், 2021 தேர்தலில் ஏறத்தாழ 7 லட்சம் வாக்காளர்களோடு மாநிலத்தின் மிகப்பெரிய சட்டமன்றத் தொகுதியாக இருந்தது. சென்னைத் துறைமுகம் தொகுதியில் 2 லட்சத்துக்கும் குறைவு. இரண்டு உறுப்பினர்களின் வாக்குக்கும் அதே 176தான். செங்கல்பட்டு என்ற பெயரில் மக்களவைத் தொகுதியே இப்போது இல்லை. 2008 மறுவரையறையில் அது காஞ்சிபுரம் தனித் தொகுதியாயிற்று. 2019 நவம்பரில் புதிதாகப் பிறந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏழு சட்டமன்றத் தொகுதிகளும் சேர்ந்து குடியரசுத் தலைவர் தேர்தலில் 1,232 எடை கொண்டவை.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ மையத் தேதியாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு ஜூலைக்குள் நடக்க வேண்டிய குடியரசுத் தலைவர் தேர்தல் பழைய 1971 கணக்கிலேயே நடந்துவிடக்கூடும். அதற்கடுத்தது 2032இல். தொகுதி மறுவரையறையைப் பற்றித் தமிழ்நாடு உரக்கப் பேசுகிறது, பேசத்தான் வேண்டும். அதற்குச் சட்டமும் ஆணையமும் தேவை என்பதால் வாதாடவும் இடமிருக்கிறது. குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்கின் எடை மாறுவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். புதிய மக்கள்தொகை வெளியான நாளிலேயே அரசியல் சட்டத்தின் 55ஆம் பிரிவில் உள்ள விளக்கக் குறிப்பின்படி 1971 காலாவதியாகிவிடும். அதைத் தடுக்க அரசியல் சட்டத் திருத்தம்தான் வேண்டும்; அதற்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும்.